மாறிகளுக்குப் பெயர் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாலை வகுப்பில் பைத்தான் என்ற நிரல் மொழியைக் கற்க என்னிடம் வருபவர்களில் பிளஸ் டூ மாணவர்கள் உண்டு. பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஓசூருக்கு ஷிப்டு வேலைக்குப் போய்வரும் இளைஞர்களும் உண்டு. அவர்களுடைய நிரல்களைத் திருத்தும்போது என் பேனா அதிகமாக நிற்பது மாறிகளின், அதாவது நிரலில் மதிப்புகளைப் போட்டுவைக்கும் இடங்களின், பெயர்களில்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பெயர்களைத் தமிழிலேயே கொடுத்திருக்கிறேன். அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே நியாயங்கள் பொருந்தும்.

கணினிக்கு எந்தப் பெயர் வைத்தாலும் ஒன்றுதானே? பிறகு ஏன் இவ்வளவு வற்புறுத்தல்?

கணினிக்கு ஒன்றுதான். மனிதருக்கு ஒன்றில்லை. பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் உள்ள ஒரு கமிஷன் மண்டிக்காக ஒரு மாணவர் எழுதிய வரி இது:

ப = க * ச - ட

இந்த வரியில் தவறு இருக்கிறதா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

விவசாயிக்குத்_தொகை = பெட்டிகள் * பெட்டி_விலை - கமிஷன்

இப்போது மண்டியில் ஒரு வாரம் நின்று பார்த்தவர்கூட, "கமிஷன் நூற்றுக்கு இவ்வளவு என்றுதானே பிடிப்பார்கள், இங்கே அப்படியே கழித்திருக்கிறதே" என்று கேட்டுவிடுவார். உண்மையில் அந்த நிரலில் ட-வின் மதிப்பு 10 என்று இருந்தது. நூற்றுக்குப் பத்து கழிக்க வேண்டிய இடத்தில் அது வெறும் பத்து ரூபாயைக் கழித்துக்கொண்டிருந்தது. பெயர் சரியாக இருந்தபோது நிரல் எழுதத் தெரியாதவரின் கண்ணிலும் தவறு பட்டது. அதற்காகத்தான் இந்த வற்புறுத்தல்.

பழைய புத்தகங்களில் எல்லாம் ஒற்றை எழுத்துப் பெயர்களாகவே இருக்கின்றனவே, அவர்களுக்குத் தெரியாதா?

தெரியும், இடம்தான் இல்லை. 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு பெயர் ஆறு எழுத்துகளுக்கு மேல் போக முடியாது. ஐ முதல் என் வரையிலான ஆங்கில எழுத்துகளில் ஒன்றில் தொடங்கும் பெயர் தானாகவே முழு எண்ணாகக் கொள்ளப்பட்டது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் மடக்குகளில் நாம் இன்றும் ஐ, ஜே, கே என்று போடுவது கணிதத்திலிருந்து ஃபோர்ட்ரான் வழியாக வந்து தங்கிவிட்ட பழக்கம். 1964-இல் டார்ட்மவுத் கல்லூரியில் உருவான பேசிக் மொழியிலோ ஓர் எழுத்து, அல்லது ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும் மட்டுமே பெயராக இருக்கலாம். ஆக மொத்தம் 286 பெயர்கள்தான் அந்த மொழியில் சாத்தியம். 1989-இல் சி மொழிக்குத் தரநிலை வகுத்தபோதும், தனித்தனிக் கோப்புகளை இணைக்கும் இடத்தில் பெயரின் முதல் ஆறு எழுத்துகள் வேறுபட்டால்தான் வேறு பெயராகக் கருதப்படும் என்கிற அளவுக்கே உறுதி தந்தார்கள். அந்த நெருக்கடி தீர்ந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அன்றைய பழக்கத்தை இன்றும் தொடர்வதற்கு நியாயம் எதுவும் இல்லை.

அப்படியானால் ஒற்றை எழுத்தே கூடாதா?

கூடும். மூன்று வரிக்குள் பிறந்து மூன்று வரிக்குள் மறையும் மடக்கு எண்ணுக்கு ஐ என்ற பெயர் போதும். இயற்பியல் வாய்பாட்டை அப்படியே எழுதும்போதும் வாய்பாட்டின் எழுத்தையே வைப்பது நல்லது. அதைப் படிப்பவர் பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிப்பார். ஆனால் ஒரு மடக்குக்குள் இன்னொரு மடக்கு வந்து, ஒன்று ஊரையும் மற்றொன்று மாதத்தையும் எண்ணும்போது ஐ, ஜே என்று வைத்தால், இடம் மாறிப் போய்விட்டதைக் கண்டுபிடிக்க அரை நாள் போய்விடும். அங்கே ஊர், மாதம் என்றே வையுங்கள். பைத்தானின் எழுத்து நடைக்கான வழிகாட்டியான பெப் 8, சிறிய எல், பெரிய ஓ, பெரிய ஐ ஆகிய மூன்று எழுத்துகளையும் தனிப் பெயராக வைக்கவே கூடாது என்கிறது. சில எழுத்துருக்களில் அவற்றை ஒன்று, சுழியம் என்ற இலக்கங்களிலிருந்து பிரித்தறிய முடியாது.

பெயர் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும்?

அது எவ்வளவு தூரம் பயணம் போகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு சிறிய செயற்கூறுக்குள் (ஒரு வேலைக்கென்று தனியாகப் பெயரிட்டு எழுதிய நிரல் பகுதிக்குள்) மட்டும் வாழும் மாறிக்கு "விலை" போதும், ஏனென்றால் எந்த விலை என்பது இரண்டு வரி மேலேயே தெரிகிறது. பத்துக் கோப்புகளில் புழங்கும் மாறிக்கு "பெங்களூரா_டன்_விலை" என்ற அளவுக்காவது விரிவு வேண்டும். அதற்காக "இந்த_ஆண்டு_விவசாயிகளிடம்_வாங்கிய_பெங்களூரா_மாங்காயின்_விலை" என்று வைத்தால், ஒரு வரியில் அது இரண்டு முறை வந்தாலே கணக்கு மறைந்து பெயர் மட்டும்தான் கண்ணில் நிற்கும்.

அலகைப் பெயரில் சேர்ப்பது அவசியமா?

நான் விட்டுக்கொடுக்காத இடம் இது. ஒகேனக்கல்லுக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று நம் ஊரில் தினமும் செய்தியில் படிக்கிறோம். எட்டாயிரம் கன அடி என்று பேச்சில் சொல்வது உண்மையில் விநாடிக்கு எட்டாயிரம் கன அடி. அது ஓட்டத்தின் அளவு. கர்நாடக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளந்து கணக்குப் பார்க்கும்போதோ டி.எம்.சி. என்கிறோம், அது நூறு கோடி கன அடி, தேங்கிய அல்லது கடந்துபோன தண்ணீரின் மொத்த அளவு. கிருஷ்ணகிரியில் உள்ள கே.ஆர்.பி. அணையின் முழு மட்டம் 52 அடி என்கிறோம், அது உயரம். இந்த மூன்றிலும் அடி என்ற சொல் ஏதோ ஒரு வகையில் ஒளிந்திருக்கிறது, மூன்றும் வெவ்வேறு பொருள்கள்.

ஒரு மாணவி எழுதிய நிரலில் "நீர்" என்றொரு மாறியும் "நீர்_அடி" என்றொரு மாறியும் இருந்தன. முதலாவதில் வரத்து, இரண்டாவதில் மட்டம். ஒரு வாரத்தில் எத்தனை டி.எம்.சி. வந்தது என்று பார்க்க, ஏழு நாள் வரத்தையும் அவர் அப்படியே கூட்டியிருந்தார். விநாடிக் கணக்கை நாள் கணக்காக மாற்ற 86,400-ஆல் பெருக்க வேண்டும் என்பது விட்டுப்போயிருந்தது. அவருக்குக் கணக்குத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். "நீர்" என்ற பெயரைப் பார்த்தால் யாருக்கும் அந்தப் பெருக்கல் நினைவுக்கு வராது. பெயரை "வரத்து_விநாடிக்குக்_கன_அடி" என்று மாற்றச் சொன்னேன், வேறு எதுவும் சொல்லவில்லை. எழுதி முடித்தவுடனே, "சார், இது விநாடிக்குத்தானே, நாளுக்கு இல்லையே" என்று அவரே கேட்டார். விநாடிக்குச் சுமார் 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால்தான் ஒரு டி.எம்.சி. ஆகும் என்பதையும் அன்றைக்கே அவர் போட்டுப் பார்த்துவிட்டார்.

இதைச் சிறிய விஷயம் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். செவ்வாய்க்கு நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பர் 23 அன்று கோளை நெருங்கும்போது தொலைந்துபோனது. விண்கலத்தின் சிறு உந்துதல்களைத் தரையிலிருந்து கணக்கிட்ட நிரல் ஒன்று பவுண்டு-விசை விநாடியில் விடை தந்தது. அதை வாங்கிக்கொண்ட பகுதி நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் ஏறக்குறைய நாலரை மடங்கு வித்தியாசம். அந்த நிரலுக்கு இருந்த பெயர் "சிறு விசைகள்" என்பதன் சுருக்கம். அதில் அலகு இல்லை. பெயர் ஒன்று மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, சோதனையிலும் பல குறைகள் இருந்தன; ஆனாலும் அலகு கண்ணுக்கு நேரே எழுதியிருந்தால் அதைக் கடந்துபோவது கடினம்.

ரூபாயா பைசாவா, கிலோவா டன்னா, நிமிடமா விநாடியா என்ற ஐயம் எழக்கூடிய எந்த மாறிக்கும் இதையே செய்யுங்கள்.

எடை1, எடை2, எடை3 என்று எண் போட்டுக்கொண்டே போனால் என்ன?

இதற்கு நானே செய்த தவறைச் சொல்கிறேன். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையின் எடை மேடைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய நிரல் எழுதினேன். மாங்காய் ஏற்றி வரும் வண்டி முதலில் லோடோடு மேடையில் ஏறும். காயை இறக்கிவிட்டுக் காலியாக மறுபடியும் ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காயின் எடை. நான் எடை1, எடை2 என்று வைத்து, எடை3 = எடை1 - எடை2 என்று எழுதினேன். அந்த சீசன் முழுக்க எந்தக் குறையும் இல்லை.

அடுத்த சீசனில் கூழ் டிரம்களை ஏற்றிக்கொண்டு வெளியே போகும் வண்டிகளையும் அதே மேடையில் எடை போட்டார்கள். அந்த வண்டி முதலில் காலியாக வரும், பிறகுதான் லோடு. எடை1 காலி எடையாகிவிட்டது. விடை கழித்தல் குறியோடு வந்ததைப் பார்த்து, அங்கே கணினியைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் குறியை மட்டும் நீக்கிவிட ஒரு வரி சேர்த்தார். அவர்மேல் குற்றம் இல்லை. எடை1 என்பதற்கு என்ன பொருள் என்று எங்கேயும் எழுதவில்லை. மாதக் கணக்கு எடுத்தபோது, உள்ளே வந்த காயோடு வெளியே போன கூழும் சேர்ந்து கூடிக்கொண்டிருந்தது. மூன்று நாள் ரசீதுகளைப் புரட்டிய பிறகு எடை மேடைப் பெரியவர்தான் வழி காட்டினார்: "சார், காய் வண்டின்னா முதல்ல லோடு, கூழு வண்டின்னா முதல்ல காலி. நீங்க ஒண்ணு ரெண்டுன்னு போட்டா எப்படித் தெரியும்?"

அவர் வாயில் இருந்த சொற்களே மாறிகளின் பெயர்களாக இருந்திருக்க வேண்டும்: லோடு_எடை_கிலோ, காலி_எடை_கிலோ, நிகர_எடை_கிலோ. வண்டி எந்தப் பக்கம் போகிறது என்பதற்கும் தனியாக ஒரு மாறி வேண்டும். எண் வரிசையைத்தான் சொல்லும், பொருளைச் சொல்லாது. வரிசை மாறினால் அதுவும் பொய்யாகிவிடும். அன்றிலிருந்து யாருக்கு நிரல் எழுதினாலும், முதல் நாள் அவர்கள் வேலை செய்யும் இடத்தில் உட்கார்ந்து, எதை என்ன பெயரில் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருகிறேன். நல்ல பெயர்களில் பெரும்பாலானவற்றை நாம் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, கேட்டு வாங்கினால் போதும்.

முழு எண்ணா, எழுத்துச் சரமா என்ற தரவினத்தைப் பெயரில் சேர்க்கச் சொல்கிறார்களே?

ஹங்கேரியில் பிறந்த சார்லஸ் சிமோனி என்பவர் வகுத்த முறை அது. அவர் பிறந்த நாட்டை ஒட்டி ஹங்கேரியன் முறை என்றே பெயர். ஆனால் அவர் பெயருக்கு முன்னால் வைக்கச் சொன்னது அந்த மதிப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை: இது அட்டவணையில் வரிசையின் எண்ணா, நெடுக்கையின் எண்ணா என்பது போல. இரண்டும் முழு எண்தான், ஒன்றோடொன்று கூட்டக் கூடாதவை. பின்னால் வந்தவர்கள் இதை முழு எண், சரம் என்ற தரவினமாகப் புரிந்துகொண்டு பரப்பிவிட்டார்கள். தரவினத்தைக் கணினியே பார்த்துக்கொள்ளும். வகையை நாம்தான் சொல்ல வேண்டும்.

பட்டியலுக்குப் பன்மைப் பெயர் வைக்க வேண்டுமா?

வேண்டும். தமிழில் எழுதும்போது இதில் கூடுதல் கவனம் தேவை. பேச்சில் நாம் அஃறிணைக்குப் பெரும்பாலும் "கள்" சேர்ப்பதில்லை: பத்து மாங்காய், ஐந்து வண்டி. அதே பழக்கத்தில் ஆயிரம் வண்டிகளின் பட்டியலுக்கு "வண்டி" என்று வைத்துவிட்டு, மடக்குக்குள் ஒரு வண்டிக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் "வண்டி1" என்று வைப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பட்டியல் "வண்டிகள்", உள்ளே ஒவ்வொன்றும் "வண்டி" என்று வைத்தால் மடக்கு தமிழ் வாக்கியம் போலவே படிக்கும்.

ஆம், இல்லை என்று மட்டும் விடை வரும் மாறிக்கு?

"நிலை", "கொடி" என்று வைக்காதீர்கள். எந்த நிலை உண்மை என்று அதில் தெரியாது. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு நிரல் எழுதுவதாக வைத்துக்கொண்டால், "ஏல_நிலை" என்பதைவிட "ஏலம்_முடிந்தது" நல்லது. எதிர்மறையில் பெயர் வைப்பதையும் தவிருங்கள். "பணம்_வரவில்லை" என்பது பொய் என்றால் பணம் வந்ததா வரவில்லையா என்று ஒருமுறை நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

சம், மேக்ஸ், லிஸ்ட் என்று சிறியதாக வைக்கலாமா?

பைத்தானில் கூடாது. அவை மொழியே ஏற்கெனவே வைத்திருக்கும் செயற்கூறுகளின் பெயர்கள். இஃப், ஃபார் போன்ற, மொழி தனக்கென ஒதுக்கிய சிறப்புச் சொற்களைப் பெயராக வைத்தால் பைத்தான் தடுத்துவிடும், இவற்றைத் தடுக்காது. "சம்" என்ற மாறியில் 450 என்று வைத்துவிட்டு, இருபது வரி தள்ளி அதே பெயரில் கூட்டும் செயற்கூறை அழைத்தால், முழு எண்ணை அழைக்க முடியாது என்று பிழைச் செய்தி வரும். அந்தச் செய்தியைப் பார்த்துக் குழம்பாத மாணவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

தமிழிலேயே மாறிகளுக்குப் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0 முதல் தமிழ் உள்ளிட்ட யூனிகோடு எழுத்துகளில் பெயர் வைக்க இடம் உண்டு. ஜாவா மொழியில் அது தொடக்கத்திலிருந்தே உண்டு. பிளஸ் டூ தமிழ் வழி மாணவர்கள் முதல் சில வாரங்களுக்குத் தமிழில் பெயர் வைத்துப் பழகுவதை நான் ஊக்குவிக்கிறேன். சிந்திக்கும் மொழியிலேயே பெயர் வரும்போது சோம்பலான பெயர் குறைகிறது. வெளிமாநிலத்தவரும் படிக்கப் போகும் நிரலுக்கு ஆங்கிலமே பொருந்தும்.

தமிழில் வைப்பவர்கள் இரண்டு இடங்களில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். "கொள்முதல்" என்ற சொல்லில் உள்ள "கொ" என்ற எழுத்தின் உயிர்க்குறியைக் கணினி ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பைத்தான் இவற்றை ஒரே பெயராக ஆக்கிக்கொள்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் அப்படிச் செய்வதில்லை. அங்கே அவை இரண்டு வெவ்வேறு மாறிகள். இன்னொன்று, "பௌர்ணமி" என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டுப் "பெளர்ணமி" என்று தட்டுவது. இதை எந்த மொழியும் திருத்தித் தராது, ஏனென்றால் எழுத்தே வேறு. "தர்மபுரி" என்று ஓரிடத்திலும் "தருமபுரி" என்று இன்னோரிடத்திலும் எழுதுவதும் இதே வகைதான். ஊருக்கு இரண்டு வழக்கும் உண்டு, நிரலுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும்.

நான் கண்டிப்பாக வேண்டாம் என்பது, தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிப் பெயராக வைப்பதை. விலையும், விளைச்சலைக் குறிக்கும் விளையும் அங்கே ஒரே எழுத்துகளாகிவிடுகின்றன. ஒரு கேழ்வரகு விவசாயியின் கணக்கில் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்து மாறிகள்: ஒன்று குவிண்டாலுக்கு எத்தனை ரூபாய், மற்றொன்று ஏக்கருக்கு எத்தனை குவிண்டால். மலை, மாலை இரண்டுக்கும் அதே கதி. ழகரத்தை லகரமாக எழுதுபவர்கள் கையில் மழையும் அதில் சேர்ந்துகொள்ளும்.

அடிக்கோடா, சொல்லுக்குச் சொல் பெரிய எழுத்தா?

பைத்தானில் சிறிய எழுத்தும் அடிக்கோடும். ஜாவாவில் இரண்டாவது சொல்லிலிருந்து பெரிய எழுத்து. மொழியின் வழக்கத்தைப் பின்பற்றுங்கள், வாதாடி நேரம் போக்க வேண்டாம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லாததால் அடிக்கோடு ஒன்றுதான் வழி.

நன்றாக ஓடும் பழைய நிரலில் பெயரை மாற்றலாமா?

பெயர் சுட்டும் பொருள் மாறிவிட்டது என்றால் மாற்றியே ஆக வேண்டும். "தர்மபுரி_மழை_மிமீ" என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கத் தெளிவான பெயர், அலகும் இருக்கிறது. ஆனால் 1965 அக்டோபர் 2-க்கு முன் தர்மபுரி என்றொரு மாவட்டம் இல்லை, அது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. அதன் பிறகு 2004 பிப்ரவரி 9 வரை தர்மபுரி மாவட்டம் என்றால் கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை எல்லாம் அதற்குள் அடக்கம். 2004-க்குப் பிறகு பாதிப் பரப்புக்கும் மேல் கிருஷ்ணகிரி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. ஆக, 1990-இன் எண்ணும் 2010-இன் எண்ணும் ஒரே பெயரில் ஒரே பட்டியலில் உட்கார்ந்திருந்தாலும் அவை ஒரே நிலப்பரப்பைப் பற்றியவை அல்ல. இவற்றைக் கொண்டு வரைபடம் போட்டு, 2004-இல் ஏதோ நடந்திருக்கிறது என்று முடிவு கட்டினால், நடந்தது மழையில் அல்ல. பழைய எண்களுக்குப் "பிரியாத_தர்மபுரி_மழை_மிமீ" என்று பெயர் மாற்றினாலே இரண்டையும் ஒட்டிவைக்கக் கை தயங்கும்.

மாற்றும்போது கையால் தேடி மாற்றாதீர்கள். எழுதும் மென்பொருளில் பெயர்மாற்ற வசதி இருக்கிறது, ஒரே முறையில் எல்லா இடத்திலும் மாற்றும். அந்த மாற்றத்தோடு வேறு எந்தத் திருத்தத்தையும் கலக்காமல் தனியாகச் சேமியுங்கள்.

தேர்வில் இதற்கு மதிப்பெண் உண்டா?

குறிப்பெயருக்கான (மாறி போன்றவற்றுக்கு வைக்கும் பெயருக்கான) விதிகள் கேட்கப்படும்: எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும், இடைவெளி கூடாது, சிறப்புச் சொல்லாக இருக்கக் கூடாது. நல்ல பெயருக்கென்று தனி மதிப்பெண் கிடையாது. ஆனாலும் செய்முறைத் தேர்வில் நேரம் குறைவாக இருக்கும்போது, பிழையை நீங்களே கண்டுபிடிக்கப் பெயர்கள் உதவும்.

எவ்வளவு யோசித்தும் பெயரே கிடைக்கவில்லை என்றால்?

பெரும்பாலும் அந்த மாறி இரண்டு வேலை செய்கிறது. ஒரு மாணவர் ஒரே மாறியில் காலையில் வந்த பெட்டிகளின் எண்ணிக்கையை வைத்து, விற்றது போக மீதியை மாலையில் அதிலேயே எழுதினார்; அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அரை மணி நேரம் என்னோடு உட்கார்ந்திருந்தார். "வந்த_பெட்டிகள்", "மீதிப்_பெட்டிகள்" என்று இரண்டாகப் பிரித்தவுடன் கேள்வியே எழவில்லை. அப்படிப் பிரித்தும் பெயர் வரவில்லை என்றால், அந்தக் கணக்கை மண்டிக்காரரிடம் வாயால் சொல்லிப் பாருங்கள். அவர் திருப்பிக் கேட்கும் கேள்வியில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்று கவனியுங்கள்.